பச்சைக்கு மேல் மோர் நிறம்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர்கள் தரையிலிருந்து நெஞ்சு உயரம் வரைக்கும் போர்வெல் போடுகிற ரிக் வண்டியின் பச்சை நிறத்தில் இருந்தன. நாங்கள் வீடு கட்டி முடித்த சமயத்தில், என் கணவர் வேலை பார்த்த முதலாளி புதிதாக ஒரு போர்வெல் வண்டிக்குப் பாடி கட்டினார். அதற்கு அடித்தது போக மீந்த பெயிண்ட் டின்களை இவரிடம் கொடுத்துவிட்டார். "வண்டிக்கு அடிக்கறது. மழைக்கும் வெயிலுக்கும் அசையாது" என்று சொல்லி இவர் அதைக் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் அடிக்க வைத்தார். வீட்டுக்குள் மழையும் வெயிலும் எங்கே வருகிறது என்று நான் கேட்கவில்லை. புது வீடு என்ற சந்தோஷத்தில் எந்த நிறமும் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. புதுமனை புகுந்த கையோடு அவர் சத்தீஸ்கருக்கு வண்டி ஏறிவிட்டார். அந்தப் பச்சைக்குள் குடியிருந்தது நான்தான்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக்கில் போகிற ஆண்களின் கணக்கு தனி. வடக்கே மழை பிடித்துவிட்டால் வண்டி வயல்காட்டுக்குள் இறங்காது. அதனால் ஆனி, ஆடியில் ஊர் திரும்புவார்கள். மழை விட்டதும் புரட்டாசியில் கிளம்பிவிடுவார்கள். கல்யாணம் பேசும்போதே இதைச் சொல்லித்தான் என்னைக் கொடுத்தார்கள், நானும் தெரிந்தேதான் வந்தேன். இவர் எடுபிடி வேலையில் தொடங்கி, குழாய் மாட்டி, கடைசியில் துளை போடுகிற டிரில்லராக ஆனார். ராய்ப்பூர், ஜோத்பூர், குல்பர்கா என்று ஊர்களின் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. நான் மகளை வளர்த்தேன், எருமைகளைப் பார்த்துக்கொண்டேன். கிணறு வற்றியதும் எருமைகளை விற்றோம். மகள் படித்து முடித்து புனேயில் வேலை கிடைத்துப் போனாள், அங்கேயே கல்யாணமும் ஆனது. அதற்குப் பிறகு வீட்டில் ஒரு ஆள்தான்.

ஒரு ஆள் இருக்கிற வீட்டில் சாமான்கள் இடம் மாறுவதில்லை. காலையில் வைத்த டம்ளர் சாயங்காலமும் வைத்த இடத்திலேயே இருக்கும். முதலில் அது நிம்மதியாக இருந்தது. பிறகு ஒருநாள், வேண்டுமென்றே ஒரு நாற்காலியை நடுக்கூடத்தில் இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது யாரோ போட்டுவைத்த மாதிரி இருக்கட்டுமே என்று. திறந்து பார்த்தால் நான் போட்ட நாற்காலிதான் இருந்தது.

பங்குனி முடியும் சமயம் ஒரு மத்தியானம் கரண்ட் போயிருந்தது. சூடு தாங்காமல் கூடத்துத் தரையில் தண்ணீர் தெளித்துச் சுவரோரமாக ஒருக்களித்துப் படுத்தேன். கண்ணுக்கு எதிரே அந்தப் பச்சை. அத்தனை பக்கத்தில் வைத்து அதை நான் பார்த்ததில்லை. தூசி ஒட்டி, எண்ணெய் ஏறி, துடைத்துத் துடைத்து அங்கங்கே வெளுத்துப் போயிருந்தது. இவ்வளவு வருஷமும் ஒரு வண்டியின் வயிற்றுக்குள் படுத்திருந்த மாதிரி மூச்சு முட்டியது. எழுந்து உட்கார்ந்தேன். இந்த நிறத்தை மாற்றியே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது.

மறுநாளே ஒரு பெயிண்டரை வரச் சொன்னேன். வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஊட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?"

"ஆடிக்குத்தானுங்க வருவாங்க. நீங்க என்கிட்டயே சொல்லுங்க."

"அதில்லீங்க. அவிய வரட்டுமுங்க. கலரு, வேலையெல்லாம் அவிய இருந்தாத்தான் பேச முடியும். பொம்பளைங்க மட்டும் இருக்கற ஊட்டுல நாள்பூரா நாங்க வேலை செஞ்சா, நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. நமக்கு எதுக்குங்க."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை. கேட் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். ஆடி வரைக்கும் எதற்குக் காத்திருப்பது என்ற கேள்வி மட்டும் நெஞ்சில் நின்றது. என் காலத்தில் நான் ஆடிக்காகக் காத்திருந்த காரியங்கள் ரொம்பவும் அதிகம். மகளின் காதுகுத்துக்கூட அவர் வரும் ஆடிக்கென்று தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் அவர் இல்லாமல்தான் நடந்தது. நானே அடித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

பஸ் ரோட்டில் இருக்கிற பெயிண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் நிற அட்டையை விரித்து வைத்தார். எத்தனையோ வெள்ளைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர். அதில் ஒன்று, வெண்ணெய் எடுத்த பிறகு பானையில் இருக்கிற மோரைப் போல இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினேன்.

"சுவத்துல இப்ப என்ன அடிச்சிருக்குதுங்க?" என்று கேட்டார்.

"வண்டிக்கு அடிக்கற ஆயில் பெயிண்ட்டுங்க."

"அப்படீன்னா உப்புத்தாள் போட்டு நல்லாத் தேச்சுப்போடோணுமுங்க. பளபளப்பு போகாம மேல அடிச்சா தோலாட்டம் உரிஞ்சு வந்துரும்."

உப்புத்தாள், குழி அடைக்கப் பட்டி, பிரைமர், ரோலர், இரண்டு பிரஷ் எல்லாம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேன். எதிர்வீட்டு அக்கா முறத்தோடு வாசலில் நின்றிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பகலெல்லாம் மகனும் மருமகளும் தறிப்பட்டறைக்குப் போய்விடுவதால், தெருவில் நடக்கிற எதுவும் அவர் பார்வைக்குத் தப்பாது.

"ஏனம்முணி, பெயிண்ட் டப்பாவெல்லாம் எறங்குது? ஆளு வருதா?"

"நானேதானுங்க்கா அடிக்கப் போறேன்."

"உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? இந்த வெயில்ல?" என்றார். பிறகு, "வேணும்னா ஏணி இருக்குது, வந்து எடுத்துக்க" என்றார்.

பீரோவைச் சுவரைவிட்டு நகர்த்துவதுதான் முதல் பாடாக இருந்தது. ஒரு காலைத் தூக்கி நனைந்த சாக்கை அடியில் திணித்து, அடுத்த காலுக்கும் அப்படியே செய்து, பிறகு சாக்கோடு சேர்த்து இழுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்தது. நடுக்கூடத்தில் எல்லாவற்றையும் குவித்துப் பழைய சேலைகளைப் போட்டு மூடினேன். டிவியை மூடியது மகளின் கல்லூரிக் காலத்துத் துப்பட்டா. இவருடைய பழைய காக்கிச் சட்டை ஒன்றைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டி, உப்புத்தாளைக் கட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தேன்.

அந்தப் பச்சை லேசில் விடவில்லை. இவர் சொன்னது சரிதான், வண்டிக்கு அடிப்பது அசையாது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் தொடங்கி, தோள் மரத்துப்போகும் வரை தேய்ப்பேன். ஃபேன் போட்டால் தூசி பறக்கும் என்பதால் ஃபேனும் இல்லை. முகம் கழுவினால் தண்ணீர் பச்சையாக ஓடும். மூக்கைச் சிந்தினால் பச்சை. சோற்றுத் தட்டில்கூட ஒரு பச்சை வாசம் வந்தது. ஒருநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கதவு திறந்ததும் என்னைப் பார்த்து ஒரு அடி பின்னால் வைத்துவிட்டு, "ஊட்டுல அம்மா இல்லீங்களா?" என்று கேட்டார். நான்தான் அந்த அம்மா என்று சொன்னதும் அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் போன பிறகுதான், அன்றைக்கு நான் வாய் திறந்து பேசியது அந்த ஒரு வார்த்தைதான் என்பது நினைவுக்கு வந்தது.

மகள் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டாள். நான் போனைக் கூடத்துக்குத் திருப்பவில்லை, சமையலறையில் நின்றபடியே பேசினேன். அப்படியும் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னம்மா, தலையில என்ன பச்சையா இருக்கு?"

சொன்னேன். "எதுக்கும்மா உனக்கு இந்த வேலை? சேலத்துல ஆள் இருக்காங்க. ஒரு போன் பண்ணா அவங்களே வந்து மூடி, அடிச்சு, கூட்டிக் குடுத்துட்டுப் போயிருவாங்க. நான் இங்கிருந்தே ஏற்பாடு பண்றேன்" என்றாள்.

"வேண்டாஞ் சாமி. எனக்கும் பொழுது போகோணுமல்ல" என்றேன். அவளுக்குப் பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

இவருடைய போன் தினமும் சாயங்காலம் வரும். வேலை முடிந்து, வண்டியில் காற்றடிக்கிற கம்ப்ரசரை நிறுத்திய பிறகு கூப்பிடுவார். அந்தப் பேச்சு வர வர ரொம்பவும் சுருங்கிப் போயிருந்தது. "சாப்ட்டயா? ம், சரி சரி. இங்க வெயிலு. சரி, வெச்சர்றேன்." நான் எது சொன்னாலும் "சரி சரி"தான். ஒருமுறை பக்கத்துத் தோட்டத்துத் தென்னை இடி விழுந்து எரிந்ததைச் சொன்னேன். "சரி சரி" என்றார். வயசாக வயசாகப் பேச விஷயம் குறைந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதனால் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதை அவரிடம் சொல்லவில்லை. ஆடியில் வந்து கதவைத் திறக்கும்போது தானாகப் பார்த்துக்கொள்ளட்டும், அப்போதாவது இரண்டு வார்த்தை அதிகமாகப் பேசுவார் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை.

முதலில் கூடத்தில் பாதிச் சுவர்களைத் தேய்த்து முடித்துக் குழிகளைப் பட்டி வைத்து அடைத்தேன். பிரைமர் அடித்தேன். பிறகு முதல் தடவையாக ரோலரை அந்த மோர் நிறத்தில் முக்கி ஜன்னலோரச் சுவரில் வைத்து மேலே இழுத்தேன். அது ஒரு பாதை போலப் போயிற்று. பக்கத்தில் இன்னொரு பாதை. மத்தியானத்துக்குள் அந்தச் சுவர் முழுக்க முடிந்துவிட்டது. எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பார்த்தேன். வெளியே இருந்த வெயில் முதல் தடவையாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. யாரையாவது கூப்பிட்டுக் காட்டவேண்டும் போலிருந்தது. எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது. அக்கா ஜலகண்டாபுரத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தார். நானே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்தேன்.

அன்றைக்கே பரணுக்கு மேலுள்ள இடத்தையும் அடித்துவிடலாம் என்று ஆசைப்பட்டதுதான் தப்பாகப் போயிற்று. அக்காவிடமிருந்து வாங்கி வந்த ஏணி அந்த மூலையில் நிற்கவில்லை. கட்டிலை இழுத்துப் போட்டு, அதன்மேல் முக்காலியை வைத்து ஏறினேன். எட்டி அடிக்கும்போது முக்காலியின் ஒரு கால் கட்டிலின் ஓரத்தில் வழுக்கியது. விழுந்தது நினைவில்லை, விழுந்து கிடந்ததுதான் நினைவிருக்கிறது. பெயிண்ட் தட்டு என் மடியில் கவிழ்ந்திருந்தது. இடது கணுக்கால் என்னுடையதாக இல்லை. எழ முயன்றேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே படுத்துவிட்டேன்.

பக்கத்துப் பட்டறையில் தறிகள் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கத்திக் கூப்பிட்டாலும் அதற்கு மேல் கேட்காது. அண்ணாந்து பார்த்தால், பாதி அடித்த இடமும் அடிக்காத இடமும் தெரிந்தன. பயம் என்று சொல்ல முடியாது. இப்படியே கிடந்தால் யார் முதலில் வருவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பால்காரர் காலையில் பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். கேஸ் இப்போதுதான் வந்தது. அக்கா எப்போது திரும்புவார் என்று தெரியாது. ஒவ்வொரு ஆளாக நினைத்து நினைத்துத் தள்ளிவிட்டு வந்தபோது யாரும் மிச்சமில்லை. அப்போதுதான் அழுகை வந்தது. வலிக்காக அழுத மாதிரி இல்லை.

கொஞ்சம் தெளிந்ததும் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து அலமாரிக்குப் போய்ப் போனை எடுத்தேன். யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கும்போதே மணி அடித்தது. இவர்தான். வழக்கமான சாயங்காலப் போன்.

"ஏனுங்க, நான் கீழ உழுந்துட்டனுங்க" என்றேன். "முக்காலி சறுக்கிருச்சு. கால் வீங்கிக் கெடக்குது. எந்திரிக்க முடியலீங்க. ஊட்டுல யாருமில்லீங்க."

"ம், சரி சரி. சாப்ட்டயா? இங்க இன்னைக்கு நல்ல வெயிலு. சரி, வெச்சர்றேன்."

வைத்துவிட்டார். நான் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷத்துக் குடித்தனத்தில் என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை. அன்றைக்கு எனக்குப் பட்ட அடி அதுதான்.

பெயிண்ட் ஏற்றி வந்த ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்து கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு டவுனில் ஆஸ்பத்திரிக்குப் போனார். எலும்பு முறியவில்லை, ஜவ்வு லேசாகக் கிழிந்திருக்கிறது என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். பாதி பச்சையும் பாதி மோருமாக இருந்த கூடத்துக்குத் திரும்பி வந்தேன். தரையில் கொட்டிய பெயிண்ட் காய்ந்து இறுகிப்போயிருந்தது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை, மேற்கொண்டு அடிக்கவும் தோன்றவில்லை. மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் புனேக்கு வா என்பாள், அல்லது அவள் லீவு போட்டு வருவாள். இரண்டுமே எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் போன் அடித்தது. எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து திரும்ப அடித்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. எடுத்தால் மட்டும் என்ன சொல்லப் போகிறார் என்று இருந்தது. போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். ஜலகண்டாபுரத்திலிருந்து திரும்பிய அக்கா ரசம் வைத்துக் கொண்டுவந்தார். "உங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லிட்டயா?" என்று கேட்டார். "சொல்லிட்டனுங்க்கா" என்றேன். அது பொய்யில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலையில் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அக்காதான் என்று நினைத்துக் கதவைத் திறந்தால், தோளில் பையோடு இவர் நின்றிருந்தார். ஆடிக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது. முகத்தில் புழுதி அப்பியிருந்தது. என்னை மேலிருந்து கீழ் பார்த்தார். பார்வை காலில் நின்றது.

"கால் என்ன ஆச்சு?"

"அன்னிக்கே சொன்னனே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே நடந்தேன். பின்னாலேயே வந்தவர், நான் எதுவுமே சொல்லாத மாதிரி, "கால் என்ன ஆச்சுன்னு கேக்கறேன்" என்றார். நான் சமையலறைக்குப் போனேன். கூடத்துச் சுவர்களை அவர் சுற்றிப் பார்த்தார்.

"பச்ச நல்லாத்தான இருந்துச்சு" என்றார்.

"உங்களுக்கு நல்லா இருந்துச்சு. வருசம் பூரா அதுக்குள்ள கெடந்தது நானு" என்றேன். அடுப்பைப் பார்த்தபடி சொன்னேன். பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்து, அதற்குத் தயாராகவே நின்றேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, "தண்ணி குடு" என்றார்.

சோறு வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். போகும்போது, "மூணு விசில் வந்தா அடுப்ப அணைச்சர்றீங்களா?" என்று கேட்டேன். அவர் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி சரி" என்றார். கட்டுப்போட்ட காலோடு குளிப்பது மெதுவாகத்தான் நடந்தது. உள்ளே இருக்கும்போதே விசில் கேட்டது. மூன்றாவது, நான்காவது என்று அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தால் சோறு தீய்கிற வாசம். அடுப்புக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு கை நீளம்தான் இருக்கும். குக்கர் கத்திக்கொண்டிருந்தது. அவர் பேப்பரில் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

"ஏனுங்க" என்றேன் பின்னாலிருந்து. திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். அப்போதும் திரும்பவில்லை. நான் நடந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரே நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"காது கேக்கறதில்லீங்களா?" என்று கேட்டேன்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். பேப்பரை மடித்தார். மடித்ததைத் திரும்ப மடித்தார்.

"கொஞ்ச வருசமாவே அப்படித்தான். கம்ப்ரசர் பக்கத்துலயே நின்னு நின்னு போயிருச்சு. ஒரு பக்கம் சுத்தமா இல்ல. இந்தப் பக்கம் எரைச்சலாட்டம் என்னமோ வரும். ரிக்குல யாருக்கும் தெரியாது. அங்க எல்லாம் கைசாடைதான. வண்டி ஓடறப்ப எவனுக்குத்தான் காது கேக்குது."

"போன்ல?"

"போன்ல ஒன்னுமே வெளங்காது. நீ எடுத்துட்டா திரையில நொடி ஓடும். அதப் பாத்துக்குவேன். பேசற அளவுக்கு நேரம் உட்டுட்டு, சரி சரின்னு சொல்லுவேன். நீ எடுத்தாச் சரி. அதுக்குத்தான் கூப்புடறது." மடித்த பேப்பரைக் கீழே வைத்தார். "எடுக்கலயேன்னுதான் கெளம்பி வந்தேன்."

நான் அவர் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்தேன். போன வருஷம் மழைக்கு வந்திருந்தபோது டிவியைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைத்ததும், அதற்கு நான் முகம் சுளித்ததும் நினைவுக்கு வந்தன. ரிக்கில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் சத்தமாகத்தான் பேசுவார்கள், இவரும் அப்படித்தான் என்று விட்டிருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்பதற்கு அவர் முகத்தைத் திருப்பவேண்டும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. தீய்ந்த சோற்றின் மேல்பாகத்தை எடுத்துத் தயிர் ஊற்றிச் சாப்பிட்டோம்.

என் கால் ஊன்ற முடிந்ததும் சேலத்துக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தோம். கண்ணாடி அறைக்குள் இவரை உட்கார வைத்து, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். இவர் ஒரு பள்ளிப் பிள்ளை மாதிரி விரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் அந்த விரல் எழவே இல்லை. போனது போனதுதான், மிச்சமிருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், வண்டிப் பக்கம் இனிப் போகக்கூடாது என்றார் டாக்டர். காதுக்கு ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் சங்ககிரி தாண்டும்வரை வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "மொதலாளிகிட்ட எப்படிச் சொல்றது" என்றார், என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா என்று தெரியாத குரலில்.

மறுநாள் காலையில் நான் உப்புத்தாளை எடுத்தபோது அவரும் எழுந்து வந்தார். கூடத்தின் மிச்சப் பச்சையும் படுக்கையறையின் பச்சையும் அப்படியே இருந்தன. என் கையிலிருந்து கட்டையை வாங்கித் தேய்க்க ஆரம்பித்தார். அவர் தேய்க்கிற வேகத்தில் பச்சையோடு பூச்சும் சேர்ந்து வந்தது. கையைப் பிடித்து நிறுத்தினேன். மெதுவாக என்று காட்டினேன். அவர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்து, இதுதான் மெதுவாக என்பதற்குச் சாடை என்று காட்டினார். விரல்களை மடக்கினால் நிறுத்து. கட்டைவிரலை மேலே சுழற்றினால் ஏற்று. குழாய் இறக்குவதற்கும் தூக்குவதற்கும் ஆள் தள்ளி நிற்பதற்கும் தனித்தனிச் சாடைகள் இருந்தன. அன்றைக்குத்தான் அவர் என்னிடம் ரொம்ப நேரம் பேசினார். வாயே திறக்கவில்லை.

மேல்சுவரை அவர் அடித்தார், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அவருக்குப் பெயிண்ட் அடிக்க வரவில்லை. ஒரே இடத்தில் கனமாக அப்பி, அது வழிந்து கோடு கோடாக இறங்கிற்று. மத்தியானம் அவர் தூங்கும்போது நான் அந்தக் கோடுகளை உப்புத்தாளால் தேய்த்துச் சமன்படுத்தித் திரும்ப அடித்தேன். எழுந்து வந்து பார்த்துவிட்டு, "பரவால்ல, நல்லாத்தான் அடிச்சிருக்கேன்" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

முதலாளியிடம் அவரே நேரில் போய்ச் சொன்னார். இவ்வளவு வருஷம் உழைத்த ஆள் என்பதால், டவுனை ஒட்டி வண்டிகளை நிறுத்துகிற யார்டில் குழாய்களையும் உதிரி சாமான்களையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். புரட்டாசியில் வண்டிகள் வடக்கே கிளம்பிய காலையில் இவர் யார்டு கேட்டில் நின்று ஒவ்வொரு வண்டியாகப் போவதைப் பார்த்தாராம். வீட்டுக்கு வந்ததும் சொன்னார். காது மெஷினைக் கொஞ்ச நாள் மாட்டிப் பார்த்தார். பக்கத்துத் தறிச் சத்தத்தை அது பத்து மடங்காக்கித் தலைக்குள் போடுகிறது என்று கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். எப்போதாவது மகள் கூப்பிடும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறார்.

இப்போது அவர் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். எல்லாரும் என்னிடம், இனி உனக்கென்ன, துணை வந்தாச்சு என்கிறார்கள். நானும் ஆமாங்க என்கிறேன். ஆனால் இத்தனை வருஷம் தனியாக இருந்தபோது நான் சுவரோடும் அடுப்போடும் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். இப்போது அதுவும் நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு மனுஷர் இருக்கும்போது தனக்குத்தானே பேச ஒரு மாதிரி இருக்கிறது. அவரிடம் எதையாவது சொல்லவேண்டுமானால் செய்கிற வேலையை விட்டு எழுந்து, அவர் இருக்கிற இடத்துக்குப் போய், தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே நின்று சொல்லவேண்டும். எழுந்து போகிற அளவுக்கு இது சொல்லவேண்டியதுதானா என்று முதலில் யோசிக்கிறேன். பாதி வழியிலேயே பல பேச்சுகள் தேவையில்லாமல் போய்விடுகின்றன.

நேற்றுச் சாயங்காலம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் திருச்செங்கோட்டு மலைமேல் மட்டும் மழை இறங்கிக்கொண்டிருந்தது. கோயில் கோபுரம் பாதிதான் தெரிந்தது. எங்கள் தெருவில் ஒரு சொட்டு இல்லை, வெயில்கூட இருந்தது. அரிவாள்மணையை மடக்கி வைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போய் அவர் தோளைத் தொட்டேன்.

"மலையில மழை பேஞ்சுட்டு இருக்குதுங்க" என்றேன்.

அவர் என் வாயைப் பார்த்தார். புரியவில்லை என்று தெரிந்தது. இன்னொரு தடவை, மெதுவாகச் சொன்னேன். எழுந்து என்னோடு ஜன்னலுக்கு வந்தார். மழை மலையைவிட்டு நகர்கிறவரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே நின்றிருந்தோம்.